சோடாவ மொதல்ல ஊத்து!

இந்தத் தடவை ஒரு ரெசிபி. கூடவே நான் சொதப்பின கதையும் ஃப்ரீ.

மூணாம் வருஷக் கடைசியில ஒரு இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ. ஹென்றி விதியைக் கேட்டாங்க. கெமிக்கல் இன்ஜினியரிங் ஆச்சே, ஒப்பிச்சுட்டேன்: வெப்பநிலை மாறாத வரைக்கும், திரவத்துல கரையுற வாயுவின் அளவு, மேல இருக்கிற அந்த வாயுவோட அழுத்தத்துக்கு நேர்விகிதம். "சரி, இதை உங்க வீட்ல எங்க பார்த்திருக்கீங்க?" அடுத்த கேள்வி. எனக்கு ஒண்ணுமே வரல. அதோட அந்த வாய்ப்பு போச்சு.

மே மாசம் சிவகிரிக்குப் போனேன். செம வெயில். கஃபேல குடிச்ச ஸ்பார்க்லிங் காபியை நாமளே போடலாமேன்னு, ஆச்சி இறக்கின சூடான டிகாஷன்ல சர்க்கரையைப் போட்டு, சோடாவை மடமடன்னு கவுத்தேன். நுரை பொங்கி அடுப்பு மேடையெல்லாம் வழிஞ்சுது. டம்ளர்ல மிஞ்சினது கேஸ் போன கசப்புத் தண்ணி.

ஆச்சி வந்து பார்த்தாங்க. "ஏலே, சூட்டுல கேஸ் நிக்குமால? ஆற வச்சு, சோடாவ மொதல்ல ஊத்து. டிகாஷன ஓரமா மெதுவா விடு."

தாத்தா பெட்டிக்கடை வச்சிருந்தப்போ கோலி சோடா உடைச்சுக் கொடுத்தது ஆச்சிதான். பாட்டிலைத் தண்ணித் தொட்டியில போட்டு வைப்பாங்களாம். சூடான பாட்டிலை உடைச்சா பாதி தரைக்குத்தானாம்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு லிட்டர் தண்ணியில, சாதாரண காற்றழுத்தத்துல, 25 டிகிரியில சுமார் 1.5 கிராம் கார்பன் டை ஆக்சைடு கரையும். 0 டிகிரியில 3 கிராமுக்கு மேல. 1872-ல இங்கிலாந்துக்காரர் ஹிராம் காட் காப்புரிமை வாங்கின பாட்டில்தான் நம்ம கோலி சோடா பாட்டில். உள்ள இருக்கிற கேஸ் அழுத்தமே கோலியை ரப்பர் வளையத்தோட இறுக்கிப் பிடிச்சு மூடியா நிக்க வைக்குது. கோலியை உள்ள தள்ளினா அழுத்தம் குறையும், கரைஞ்சிருந்த கேஸ் குமிழியா வெளிய வரும். அது ஹென்றி விதியேதான்! அந்த 'டப்' சத்தத்தைச் சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கேன். இன்டர்வியூல ஞாபகம் வரல.

சரி, ரெசிபி. மூணு ஸ்பூன் ஃபில்டர் காபித்தூளுக்கு 100 மில்லி கொதிநீர். சிக்கரி கலக்காத தூள்னா நல்லது. டிகாஷன் சூடா இருக்கும்போதே சர்க்கரையைக் கரைச்சிடுங்க. சோடாவுல நேரா போட்டா ஒவ்வொரு துகளைச் சுத்தியும் குமிழி கிளம்பி கேஸ் வீணாகும். ரெண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. டம்ளர்ல ஐஸ், அது மேல 150 மில்லி ஜில்லுன்னு சோடா, கடைசியா 40 மில்லி டிகாஷன், ஓரமா, மெதுவா. எங்க பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சை நாலு சொட்டு விட்டா இன்னும் தூக்கலா இருக்கும். பால் மட்டும் வேண்டாம், திரிஞ்சிடும்.

ரெண்டாவது தடவை சரியா வந்துச்சு. ஆச்சி ஒரு வாய் குடிச்சுட்டு டம்ளரை என்கிட்டயே நீட்டினாங்க. "பால் இல்லாம இது என்னல காப்பி?"

இப்போ பிளேஸ்மென்ட் சீசன். அந்தக் கேள்வி திரும்ப வருமான்னு தெரியாது. வந்தா, ஆச்சி கடையிலேர்ந்து ஆரம்பிப்பேன். நீங்களும் இந்த லீவுல ஊருக்குப் போனா, புக்கை மூடிட்டு அடுப்படியில கொஞ்ச நேரம் நில்லுங்க.