வெறுங்கை உலா

‘பணம் பத்தும் செய்யும்’ என்பது நாம் எல்லோரும் அறிந்த பழமொழி. பணம் இல்லாதவர் என்ன செய்வது என்பதைப் பற்றி அப்பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. அதை நாங்களே கண்டறிய வேண்டியதாயிற்று.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பினர் கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்றனர். பெயர் கொடாதவர்கள் நாங்கள் பதினான்கு பேர். எங்களுள் சிலருடைய அன்னையர் பீடி சுற்றுகிறவர்கள். சிலருடைய தந்தையர் வாழைத் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போகிறவர்கள். சுற்றுலாக் கட்டணம் என்பது அவ்வீடுகளில் ஒரு மாதத்து அரிசி. ஆயினும் அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கு மனம் வரும்? “மலைப்பாதை எனக்கு ஒத்துக்கொள்ளாது” என்றாள் ஒருத்தி. “எங்க ஆச்சிக்குச் சுகமில்லை” என்றாள் மற்றொருத்தி. அந்த வாரத்தில் நாங்கள் சொன்ன காரணங்களைத் தொகுத்தால் ஒரு சிறுகதைத் தொகுதியே தேறும்!

அவ்வேளையில் எங்கள் தோழி ஒருத்தியின் சித்தியிடமிருந்து ஒரு மடல் வந்தது. அவர் ஜெர்மனி நாட்டின் பெர்லின் நகரில் செவிலியராகப் பணியாற்றுகிறார். சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தில் அப்பெருநகரைச் சுற்றிப் பார்த்த விதத்தை எழுதியிருந்தார். 2021 ஜூலை முதல் 2024 முடிய, மாதத்தின் முதல் ஞாயிறன்று அந்நகரத்து அருங்காட்சியகங்கள் பலவும் கட்டணமின்றித் திறந்திருந்தனவாம். பில்ஹார்மோனிக் என்னும் புகழ்பெற்ற இசையரங்கில் மதிய வேளை இலவசக் கச்சேரி கேட்டாராம். முன்கூட்டியே பெயர் பதிந்துகொண்டு, நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் குவிமாடத்தில் காசில்லாமல் ஏறி நகர் முழுவதையும் பார்த்தாராம். “நடக்கக் காலும் கையில் கட்டுச்சோறும் இருந்தால் பெர்லின் நமக்கும் சொந்தந்தான்” என்று மடலை முடித்திருந்தார்.

இதைக் கேட்ட எங்கள் வகுப்பாசிரியை சிஸ்டர், “பெர்லினே சொந்தம் என்றால் பாளையங்கோட்டையும் திருநெல்வேலியும் யாருக்குச் சொந்தம்?” என்றார். பிறந்தது ‘வெறுங்கை உலா’! விதி ஒன்றே ஒன்று: யாரும் காசு கொண்டுவரலாகாது. புளியோதரைப் பொட்டலமும் தண்ணீர்ப் புட்டியும் போதும்.

ஒரு சனிக்கிழமை காலை தூய சவேரியார் பேராலயத்தில் செபித்துவிட்டுப் புறப்பட்டோம். பழைய கோட்டையின் மேலவாசலில் நின்றோம். ‘மேடை போலீஸ் ஸ்டேஷன்’ என்று ஊரார் சொல்லும் இடம் அதுதான். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் சிறையிலிருந்து தப்பிச் சென்றது இந்தப் பாளையங்கோட்டையிலிருந்துதான் என்று சிஸ்டர் சொன்னபோது, நாள்தோறும் கடந்து செல்லும் கற்கள் எங்களுக்குப் புதிதாகத் தெரிந்தன. அங்கிருந்து ஊசிக்கோபுரம். 1826இல் ரேனியஸ் ஐயர் காலத்தில் எழுந்த ஆலயம் அது. அவரும் ஜெர்மன் நாட்டவர் என்று அறிந்ததும், “அப்போ பெர்லின்காரங்க நம்ம ஊரைப் பார்க்க நமக்கு முந்தியே வந்தாச்சு” என்றாள் தோழி.

அது மெய்தான் என்று மாவட்ட மைய நூலகத்தில் தெரிந்துகொண்டோம். பெர்லினைச் சேர்ந்த யாகோர் என்பவர் 1876இல் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்து, தாமிரபரணிக் கரையின் பழம்பொருள்கள் பலவற்றைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார் என்று ஒரு நூலில் படித்தோம். இரண்டு மணி நேரம் அங்கே அமர்ந்து படித்தோம். எங்களை யாரும் காசு கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதையும் அங்கேயே கற்றோம். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. ஆக, ஓலைக்கூரை மாறி ஓட்டுக்கூரை போட்ட எங்கள் வீடுகளும் அந்த அலமாரிகளுக்குத் தம் பங்கைக் கொடுத்திருக்கின்றன!

கொக்கிரகுளம் செல்ல டவுன் பஸ் ஏறினோம். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதை யாவரும் அறிவோம். நாங்கள் பதினான்கு பேரும் ஏறியதும், “ஓசி டிக்கெட்டுக்கு உட்கார இடம் வேறயா?” என்று ஒருவர் சற்று உரக்கவே சொன்னார். எங்கள் முகம் சுருங்கிப்போயிற்று. உட்கார்ந்திருந்த இருவர் எழுந்தே விட்டனர். அப்போது கீரைக் கூடையோடு இருந்த ஓர் ஆச்சி, “நான் தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுதேன். அந்தத் துட்டுலதான் இந்த பஸ்ஸும் ஓடுது. நல்லா உக்காருங்க பிள்ளையளா!” என்றார். பஸ்ஸில் ஒரே சிரிப்பு. நூலகத்தில் இரண்டு மணி நேரம் படித்த பாடத்தை ஆச்சி இரண்டே வரியில் நடத்திவிட்டார்!

கொக்கிரகுளத்தில் இறங்கி, சுலோசன முதலியார் பாலத்தின்மேல் நடந்தோம். அக்காலத்தில் பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலிக்குப் போக ஆற்றைப் படகில் கடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், மக்களிடம் வசூல் செய்யாமல் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துப் பாலம் கட்டச் செய்தார். அதற்காக அவருடைய மனைவியார் தம் நகைகளையும் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரார் சொல்வர். 1843இல் திறக்கப்பட்ட அப்பாலம், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையின் வெள்ளத்தையும் தாங்கி நின்றது. பாலத்தின் வளைவுகளை எண்ணிக்கொண்டே நடந்தபோது எங்கள் மனத்தில் ஓர் எண்ணம் உறுதிப்பட்டது. விலையே இல்லாத பொருள் உலகில் இல்லை. நாம் இலவசமாக அனுபவிப்பதன் விலையை நமக்கு முன்னே யாரோ கொடுத்துவிட்டார்கள். அதைப் பெறுவதில் வெட்கம் எதற்கு? பெற்றதைப் பேணாமல் விட்டால் அல்லவா வெட்கம்!

ஆற்றங்கரையில் அமர்ந்து புளியோதரையைப் பகிர்ந்து உண்டோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் வரை தமிழ் மண்ணிலேயே ஓடும் ஆறு நம் தாமிரபரணி. ஆனால் கரையில் நாங்கள் கண்டவை பழந்துணிகளும் பிளாஸ்டிக் பைகளும். எங்களால் அள்ள முடிந்தது மூன்று சாக்கு நிறைய. ஆற்றுக்கு நாங்கள் செலுத்திய நுழைவுக் கட்டணம் அது.

பின்னர் ஜங்ஷன் சென்று, 1973இல் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறினோம். கீழடுக்கில் ஸ்கூட்டர்களும் மேலடுக்கில் பஸ்களுமாக ஊரே எங்களைச் சுற்றி ஓடியது. மாலையில் டவுனுக்கு நடந்து நெல்லையப்பர் கோயிலை அடைந்தோம். எங்களுள் இந்து சமயத் தோழியர் வழிகாட்டினர். தாமிர சபையையும் மணிமண்டபத்து இசைத்தூண்களையும் பார்த்தோம். ஒரே கல்லில் நடுத்தூணும் அதைச் சுற்றிப் பல சிறு தூண்களும்! தட்டினால் இசை பிறக்குமாம். பலர் தட்டித் தட்டித் தேய்ந்த தூண்கள் ஆதலால் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு கண்ணால் மட்டுமே கேட்டோம். வெளியே வந்தால் எதிரே இருட்டுக்கடை; நீண்ட வரிசை; நெய் மணம். வாசனைக்குக் காசு கேட்பதில்லை என்பதால் அத்தெருவில் சற்று மெதுவாகவே நடந்தோம்!

இந்த உலாவைப் பற்றி வீட்டில் சொன்னபோது எங்கள் அன்னையருக்கும் ஆசை வந்தது. அடுத்த மாதம் ஒரு ஞாயிறன்று அவர்களையும் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தோம். வருவதாகச் சொன்னவர் பதினொருவர், வந்தவர் ஐவர். சுற்ற வேண்டிய பீடி மற்றவர்களை வீட்டிலேயே நிறுத்திவிட்டது. வெறுங்கை உலாவுக்கும் ஒரு விலை உண்டு. அது ஒருநாள் கூலி என்று அன்று புரிந்தது. வந்த ஐவருள் ஒருவர் பாலத்தின் நடுவே கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். “இருவது வருசமா இந்தப் பாலத்து மேல பஸ்ஸுல போறேன். ஒருநாளும் இறங்கி நின்னு ஆத்தைப் பார்த்ததில்லட்டி” என்றார். நாங்கள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. வராத தாய்மாருக்காக நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். ஒரு வீட்டில் இருவர் சென்று சமையலையும் தண்ணீர் எடுப்பதையும் பார்த்துக்கொள்வது, அந்தத் தாய் அன்று மாலை ஆற்றங்கரைக்குப் போய்வருவது. இதுவரை நான்கு பேர் போய்வந்துவிட்டார்கள்.

கொடைக்கானல் சென்று திரும்பிய தோழியர் தாங்கள் கண்டதை எங்களுக்குச் சொன்னார்கள். நாங்கள் கண்டதை அவர்களுக்குச் சொன்னோம். “எங்களையும் கூட்டிட்டுப் போவீங்களா?” என்று கேட்டார்கள். இவ்வாண்டு தசராவின்போது, பாளையங்கோட்டைத் தெருக்களில் சப்பரங்கள் அணிவகுக்கும் இரவில், வகுப்பு முழுவதற்கும் நாங்களே வழிகாட்டிகளாக இருந்தோம். அன்று யாரும் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்புத் தோழியரே! விடுமுறை வருகிறது. கையில் காசில்லையே என்று வாசற்படியில் அமர்ந்திராதீர்கள். கட்டுச்சோறு கட்டுங்கள், அம்மாவின் வேலையில் பாதியை முதலில் முடியுங்கள், பிறகு அம்மாவையும் அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். குப்பை அள்ள ஒரு சாக்கு மறவாதீர்கள்!

— பதினான்கு மாணவியர், பன்னிரண்டாம் வகுப்பு