கடல் கொண்டதும் கொள்ளாததும்

கோலியனூரில் மலை கிடையாது. கூட்டுரோட்டில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் வயலும் பனையும்தான். அதனாலோ என்னவோ, பூமி என்பது ஏற்கெனவே முடிந்துபோன காரியம், நாம் மேலே நடமாட வேண்டியதுதான் பாக்கி என்ற எண்ணத்திலேயே வளர்ந்தேன். அந்த எண்ணத்தை முதலில் குலைத்தவர் பள்ளியில் எனக்குத் தமிழ் சொல்லித்தந்த ஐயா. ஒரு மத்தியானம் கரும்பலகையில் குமரிமுனைக்குத் தெற்கே பெரிய கண்டம் ஒன்றை வரைந்தார். மடகாஸ்கர் அதன் ஒரு ஓரம், ஆஸ்திரேலியா மறு ஓரம். மணி அடித்ததும் மற்றதையெல்லாம் துடைத்தார். கண்டத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அடுத்த வகுப்புக்கு வந்த கணக்கு வாத்தியார்தான் அதைத் துடைத்தார்.

இருபது வயதில் அந்த மூழ்கிய கண்டத்துக்காக நான் ஒரு கவிதை எழுதினேன். அச்சிலும் வந்தது. இன்று அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. உருவக் கோளாறு இருக்கட்டும், அது வயதின் கோளாறு. ஒரு கல்லைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்காமல் ஒரு கண்டத்துக்காக அழுதிருக்கிறேன் என்பதுதான் கூச்சம்.

கல் தூரத்தில் இல்லை. மேற்கே செஞ்சிக்குன்றுகளின் கிரானைட்டுக்குச் சுமார் 250 கோடி வயது. கிழக்கே புதுச்சேரிக்குப் போகும் வழியில், வழுதாவூர் வட்டாரத்து மண்ணில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் கிடைத்திருக்கின்றன. வடகிழக்கே திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள். இவற்றுக்கு 2 கோடி என்கிறார்கள். இரண்டு பஸ் மாறினால் ஒரே பகலில் மூன்றையும் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம்.

இந்த எண்கள் ஒரே தரத்தவை அல்ல. கிரானைட் குழம்பாக இருந்து இறுகும்போது அதில் சிர்க்கான் என்ற நுண்ணிய படிகங்கள் உண்டாகின்றன. உண்டாகும்போதே யுரேனியத்தை உள்ளே வைத்துக்கொண்டு ஈயத்தை வெளியே நிறுத்திவிடுகின்றன. யுரேனியம் 238 பாதியாகச் சிதைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். சிதைவின் முடிவில் மிஞ்சுவது ஈயம். ஆகவே இன்று உள்ளே எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் படிகத்தின் வயது தெரிந்துவிடும். திருவக்கரை மணற்கல்லில் இது நடக்காது. அதிலுள்ள சிர்க்கானை அளந்தால், மணல் எந்தப் பாறையிலிருந்து உதிர்ந்து வந்ததோ அந்தப் பாறையின் வயதுதான் கிடைக்கும். மரத்தில் கார்பன் பார்க்கலாமே என்பார் ஒரு நண்பர். கார்பன் 14-இன் எல்லை சுமார் 50,000 ஆண்டு. தவிரவும், மரத்தின் இடத்தில் இப்போது இருப்பது சிலிகா. எனவே அந்த 2 கோடி என்பது அடுக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பெற்ற மதிப்பு. செஞ்சியின் எண்ணோடு அதை ஒரே மூச்சில் சொல்லக்கூடாது. நம் இலக்கியக் காலக்கணிப்புகளில் இந்தச் சின்ன நாணயத்தைக் கண்டதாக எனக்கு நினைவில்லை.

இனி கண்டத்துக்கு வருகிறேன். அதை நம்மவர்கள் கற்பித்தார்கள் என்பது பாதி உண்மைதான். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் கிடைக்கும் லெமூர் வகைப் பிராணிகளுக்குக் காரணம் தேடி, 1864-இல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேயர் 'லெமூரியா' என்று ஒரு நிலத்தை ஊகித்தார். ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு என்பவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் இருந்தபோது தென்னார்க்காடு, திருச்சி மாவட்டங்களின் பழங்கடல் படிவுகளை ஆராய்ந்து 1862-இல் எழுதியவர். அவரே 1875-இல் இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த ஒரு இந்துமாக்கடல் கண்டம் இருந்திருக்கவேண்டும் என்று வாதிட்டார். தென்னிந்தியச் சிப்பிகளும் தென்னாப்பிரிக்க நேட்டால் சிப்பிகளும் ஒத்திருப்பது அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. ஐயா கரும்பலகையில் வரைந்த கண்டத்துக்கு எங்கள் பக்கத்து மண்ணும் சாட்சி சொல்லியிருக்கிறது! அன்று அது மோசமான ஊகம் அல்ல. கண்டங்கள் நகரும் என்று யாருக்கும் தெரியாதபோது, நடுவில் இருந்தது மூழ்கிவிட்டது என்றுதான் சொல்லமுடியும்.

1912-இல் வெகனர் நகர்வைச் சொன்னார், நம்பவில்லை. 1960களில் கடல்தரையை அளந்தபின் நம்பவேண்டியதாயிற்று. மடகாஸ்கரிலிருந்து இந்தியா பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன். வழுதாவூர்ச் சிப்பிகள் உயிரோடிருந்த காலத்தில் இந்த நிலம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெகுதூரத்தில் வடக்கு நோக்கி விரைந்துகொண்டிருந்தது. நடுவில் எதுவும் மூழ்கவில்லை. நாம்தான் வந்துவிட்டோம். அறிவியல் லெமூரியாவைக் கைவிட்ட பிறகும், 1981 மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் குமரிக்கண்டம் பற்றிய அரசுப்படம் காட்டப்பட்டது. ஊகத்தைச் சொன்னவர்கள் அதை விட்டுவிட்டார்கள், கேட்டவர்கள் விடவில்லை.

இதற்காகப் பழைய உரைகாரர்களைப் பரிகசிப்பதும் சோம்பேறித்தனம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது; ஈழத்துக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகியது, கரை உள்வாங்கியது. கடல் நிலத்தைக் கொண்டது உண்மை. கண்டத்தைக் கொண்டது என்பதுதான் இல்லை.

2001 செப்டம்பர் 25 இரவு எட்டரைக்குச் சற்று முன் பரணில் பித்தளைப் பாத்திரங்கள் சிணுங்கின. புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் நிலநடுக்கம். அளவு சுமார் 5.5. தட்டுகளின் விளிம்பிலிருந்து இவ்வளவு தள்ளி இருந்தும் பழைய பிளவுகள் அழுத்தம் தாங்காமல் எப்போதாவது நழுவும் என்று பிறகு படித்தேன். 2004 டிசம்பர் 26 வேறு ரகம். சுமத்ராவுக்கருகே, இந்தியத் தட்டு கிழக்கிலுள்ள தட்டுக்கு அடியில் செருகும் கோட்டில், 1,200 கிலோமீட்டருக்கு மேல் பிளந்தது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டராகச் சேர்த்த கணக்கைப் பூமி சில நிமிஷங்களில் தீர்த்துக்கொண்டது.

அந்த வாரம் ஐயாவைப் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "பாத்தியாப்பா, நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். கரையெல்லாம் பிணம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. அது மரியாதை என்று அப்போது நினைத்தேன்; இப்போது அப்படித் தோன்றவில்லை. மரியாதை என்ற பெயரில் நாம் எத்தனை எழுத்தாளர்களிடம், எத்தனை நூல்களிடம் இப்படி வாய்மூடி நின்றிருக்கிறோம்!

சில மாதம் கழித்து அவரைத் திருவக்கரைக்குக் கூட்டிப்போனேன். வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கல்மரங்களுக்கு வந்தோம். தூரத்தில் கல்லுடைக்கும் மிஷினின் சத்தம். படுத்துக்கிடந்த ஒரு மரத்தின் மேல் கைவைத்துத் தடவினார். இழை அப்படியே தெரிந்தது.

"இதுக்கு வேர் எங்க?"

"வேரும் இல்லை, கிளையும் இல்லை, பட்டையும் இல்லைங்க ஐயா. எங்கேயோ முளைச்சது. வெள்ளம் அடிச்சிக்கிட்டு வந்து மணல்ல புதைச்சிட்டுது."

"அப்ப இது இந்த ஊர் மரம் இல்லியா?"

"இல்லீங்க."

வெகுநேரம் பேசாமலிருந்தார். நான் தட்டுகளைப்பற்றி, லெமூரியாவைப்பற்றி, பத்து வருஷம் தள்ளிப்போட்டதையெல்லாம் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "அதனால என்ன, இங்கதான கல்லாச்சு" என்றார்.

நான் சொன்னதை ஒப்புக்கொண்டாரா என்று அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. அந்தப் பதிலும் ஒரு ஆறுதல்தான். ஆனால் கண்டத்தைவிட மிகச் சின்னது, கையால் தொட்டுப் பார்த்தபின் சொன்னது. பஸ்ஸில் திரும்பும்போது என் பழைய கவிதையை நினைத்துப் பார்த்தேன். திருத்த முடியாது. தொகுப்பில் சேர்க்கவேண்டாம் என்று முடிவு செய்தேன்.