பள்ளிகொண்டாவில் ஒரு கண்ணாடி உலை

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் வேலூரைக் கடந்து மேற்கே போகிறவர்களுக்குப் பள்ளிகொண்டா என்றால் பெரும்பாலும் சுங்கச்சாவடிதான். வைஷ்ணவ பக்தர்களுக்கோ அது பாலாற்றங்கரையில் உத்தர ரங்கநாதர் சயனித்திருக்கும் ஸ்தலம். இன்னும் மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி என்றும், வடமேற்கே பேரணாம்பட்டு என்றும் தோல் பதனிடும் ஊர்கள் தொடர்கின்றன. ஆகையால் இந்தப் பிரதேசத்துக்குக் கைத்தொழில் பார்க்க வருகிறவன் தோலைத்தான் பார்க்க வருவான் என்று ஊரார் நினைத்துக்கொள்வது நியாயமே. நான் போனது கண்ணாடி பார்க்க.

அக்கிரகாரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவிலுள்ள ஒரு தெருவில் குடியிருக்கும் என் நண்பர், ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் தோல் வெட்டும் பிரிவில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பெயரைப் போட வேண்டாம் என்பது அவர் நிபந்தனை. தோலில் எந்தப் பக்கம் இழுத்தால் நீளும், எந்தப் பக்கம் இழுத்தால் நீளாது என்பதை விரல் நுனியால் தடவியே சொல்லும் லாகவம் அவருக்கு உண்டு. ஓய்வுபெற்ற பின் கையைச் சும்மா வைத்திருக்கப் பிடிக்காமல், கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் தீச்செங்கற்களைப் பெட்டியாக அடுக்கி, உட்சுவரில் பள்ளம் செதுக்கிக் காந்தல் கம்பிச் சுருளைப் பதித்து, உஷ்ணம் காட்டும் கருவி ஒன்றையும் பொருத்தி, ஒரு மின் உலை செய்து வைத்திருக்கிறார். அதில் கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து உருக்கி இணைத்துத் தோடும் பதக்கமும் சிறு தட்டுகளும் செய்வது அவருடைய பொழுதுபோக்கு. விற்பதில்லை, கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்.

கச்சாப் பொருளுக்குக் காசு அதிகம் இல்லை. அலுமினிய ஜன்னல் போடும் கடைகளில் மீந்த 3 மில்லிமீட்டர் கண்ணாடி வெட்டுகளையும், வளையல் கடையில் உடைந்துபோனவற்றையும் அவர் சேகரித்து வைத்திருக்கிறார். வளையல் பெரும்பாலும் வடக்கே பெரோசாபாத்திலிருந்து வருவது. ஜன்னல் கண்ணாடிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, இதே நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் செயிண்ட்-கோபென் நிறுவனம் தயாரிக்கிறது. 1959இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் உலகுக்கு அறிவித்த முறைப்படி, உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை ஓடவிட்டு மிதக்கவைத்துத் தகடாக்குகிறார்கள். வெள்ளீயத்தோடு கண்ணாடி ஒட்டிக்கொள்ளாததால்தான் இன்றைய ஜன்னல்களுக்கு அந்த வழவழப்பு வாய்த்திருக்கிறது.

இந்த ஒட்டாமை என்ற விஷயத்தைத்தான் நண்பரின் கொல்லையில் நான் அதிகமாகக் கற்றேன். கண்ணாடியை இணைக்கிற கலை என்று கேள்விப்பட்டுப் போனவனுக்கு, அவர் முதலில் காட்டியது இணையாமல் தடுக்கும் ஒரு வெள்ளைப் பொடி. சீனக் களிமண்ணையும் அலுமினாவையும் தண்ணீரில் கரைத்து, உலைக்குள் வைக்கும் சுட்ட பலகையின்மேல் மெல்லிய தூரிகையால் நாலாபுறமும் மாறி மாறிப் பூசி, ஈரம் சிறிதும் இல்லாமல் காயவைக்கிறார். அந்தப் பூச்சு இல்லையென்றால் உருகிய கண்ணாடி பலகையைப் பிடித்துக்கொண்டு, ஆறும்போது இரண்டும் சேர்ந்து பிளந்துவிடும்.

கண்ணாடிக்குப் பனிக்கட்டி போல் இன்ன உஷ்ணத்தில் உருகும் என்ற திட்டம் கிடையாது. படிப்படியாக இளகுவது அதன் சுபாவம். 650 டிகிரியைத் தாண்டியதும் வளையத் தொடங்குகிறது. 750ஐ ஒட்டித் துண்டுகள் தங்கள் மேடுபள்ளம் கெடாமல் ஒன்றையொன்று பற்றுகின்றன. 800ஐயும் தாண்டி, ஜன்னல் கண்ணாடியானால் இன்னும் சற்று மேலே போனால், அடுக்குகள் மறைந்து ஒரே பாளமாகின்றன. அந்த நிலையில், தடுப்பு எதுவும் இல்லாமல் பரப்பிய கண்ணாடி, பரப்பு இழுவிசையின் காரணமாக ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கனத்தில் நின்றுகொள்கிறது. ஒற்றைத் தகட்டை வைத்தால் ஓரம் உள்ளே சுருங்கி ஊசிமுனைகள் எழும். மூன்று அடுக்கு வைத்தால் வெளியே வழிந்து பரவும். இரண்டு தகடு வைத்தால் வெட்டிய உருவம் வெட்டியபடியே நிற்கும். தோலை வார்ப்புருவுக்குச் சரியாக வெட்டிப் பழகிய மனிதருக்கு இந்தச் செய்தி எவ்வளவு சந்தோஷம் தந்திருக்கும் என்பதை அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்துகொண்டேன்.

"சூடு ஏத்திடலாம் சார். எறக்கறதுலதான் இருக்குது வெவகாரம்" என்றார். ஒரு மீட்டர் நீளமுள்ள ஜன்னல் கண்ணாடி 100 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீள்கிறது. ஆறும்போது அதே அளவு சுருங்க வேண்டும். உட்புறம் ஒரு வேகத்திலும் வெளிப்புறம் ஒரு வேகத்திலும் சுருங்கினால் கண்ணாடிக்குள் பகை மூளும். அதனால் 550 டிகிரிக்கு அருகில் உலையை நிறுத்திப் பாளம் முழுவதும் ஒரே உஷ்ணத்துக்கு வரும்வரை காத்திருந்து, பிறகு இரவெல்லாம் மெல்ல ஆறவிடுகிறார். ஜன்னல் கண்ணாடியும் வளையல் கண்ணாடியும் சுருங்கும் விகிதம் வேறு. தோடு அளவுள்ள சிறு துண்டு அந்த இழுபறியைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், தட்டு தாங்காது. உலையிலிருந்து நிர்மலமாக வெளிவந்து, பீரோவுக்குள் சில நாள் இருந்துவிட்டு, ஒருவரும் தொடாதபோது 'டிக்' என்று இரண்டான தட்டு ஒன்றை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார்.

தட்டைக் குழிவாக்க வார்ப்பு வேண்டும். அதற்குக் குயவரிடம் வாங்கிய மண் அகலும் உண்டு, எவர்சில்வர் கிண்ணமும் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி உபயோகிக்கக் கூடாது. சுட்ட மண் கண்ணாடியைவிடக் குறைவாகச் சுருங்குவதால் அகலின் உட்குழிவில் கண்ணாடியை இறங்கவிடலாம். ஆறும்போது கண்ணாடி தானே விலகி வரும். எவர்சில்வர் கண்ணாடியைவிட அதிகம் சுருங்குவது. அதன் உள்ளே விட்டால் நெரித்து உடைத்துவிடும். எனவே கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் முதுகின்மேல் கண்ணாடியைத் தொங்கவிட வேண்டும். புத்தகத்தில் படித்திருந்தால் எனக்கு இது ஒரு வாரம்கூட நினைவில் நின்றிராது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அந்தத் தெருப் பெண்கள் சிலர் வருகிறார்கள். மற்ற நாட்களில் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய், காலணியின் மேல்பாகத்துக்குத் தோல் ஓரம் சீவியும் மடித்தும் தைத்தும் திரும்புகிறவர்கள். அங்கே வடிவம் வேறொருவர் போட்டது, வர்ணம் வெளிநாட்டான் கேட்டது. இங்கே எந்த நீலத்தின் பக்கத்தில் எந்தப் பச்சையை வைப்பது என்று அரைமணி நேரம் வாதாடுகிறார்கள். சிவப்பையும் ஆரஞ்சையும் நம்ப முடியாது, உலைக்குள் சில சமயம் கருத்துப்போகும் என்பதை அவர்களே எனக்கு விளக்கினார்கள். இஸ்திரிப்பெட்டிக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பியில் ஒரு துண்டை வளைத்து இரு அடுக்குக்கும் நடுவில் செருகிவிட்டால், தோடு தொங்குவதற்கு வளையம் தயார். "பெரியப்பா, வளையல் கலர்ல சாப்பாட்டுத் தட்டு ஒண்ணு போட்டுக் குடுங்களேன்" என்று ஒரு பெண் கேட்டாள். அவர் கண்டிப்பாக மறுத்தார். வர்ணத்துக்காக ஈயமும் காட்மியமும் சேர்ந்த கண்ணாடியாக இருக்கலாம். உண்ணும் தட்டுக்கு நிறமற்ற ஜன்னல் கண்ணாடி மட்டுமே என்பது அவருடைய விதி. பாலாறு தோல் கழிவினால் பட்ட பாட்டை, 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கை, நேரில் கண்ட தலைமுறை இப்படி ஜாக்கிரதையாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

அவரிடம் நான் பாப்பாநாயுடுபேட்டை கதையைச் சொன்னேன். காட்பாடியில் ரயிலேறித் திருப்பதி போய், காளஹஸ்தி சாலையில் ஏர்ப்பேடு பக்கம் திரும்பினால் வரும் தெலுங்குக் கிராமம் அது. பல ஆண்டுகளுக்கு முன் அங்கே மணி செய்கிறவர்களின் முறையை அறிந்துகொள்வதற்காகச் சென்றிருந்தேன். விறகு உலையில் உருக்கிய கண்ணாடியை, 'லாடா' என்னும் நீண்ட இரும்புக் குழாயின் முனையில் கூம்பாகத் திரட்டி, நடுவே துளை காத்து, உலையின் மறுபக்கத்தில் அமர்ந்தவர் கொக்கியால் பிடித்து இழுக்க இழுக்க, உட்குழிவுள்ள கண்ணாடி இழை அறாமல் வந்துகொண்டே இருக்கும். அதை ஒடித்து, வெட்டுவாயில் வைத்துச் சிறு துணுக்குகளாக நறுக்குவார்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளும் இழுத்து நறுக்கிய இந்த ஜாதியைச் சேர்ந்தவையே. தென்கிழக்காசியா வரை பரவிக் கிடக்கும் அவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டவர் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர். பாப்பாநாயுடுபேட்டையை அறிஞர் உலகம் அறிந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

நறுக்கிய துணுக்குகளின் விளிம்பு கையைக் கீறும். அதை மழுக்க மறுபடி சூடேற்ற வேண்டும். சூடேற்றினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஆகவே சாம்பலில் பிசறித் துளைகளிலும் சாம்பல் ஏறச் செய்து, பாத்திரத்திலிட்டுக் கிளறிக்கொண்டே சுடுகிறார்கள். இணைவதற்கு எவ்வளவு உஷ்ணம் வேண்டுமோ ஏறக்குறைய அதே உஷ்ணத்தில், இணையாமலே ஒவ்வொரு மணியும் தனித்தனியே உருண்டு வருகிறது. நண்பர் செய்வதற்கு நேர் எதிரான காரியம் இது. என் அபிப்பிராயத்தில் அதைவிடக் கடினமானதும்கூட.

நான் சொல்லி முடித்ததும் அவர் எழுந்துபோய் ஒரு பிடி அடுப்புச் சாம்பலை எடுத்து வந்து விரலால் தேய்த்துப் பார்த்தார். அவருடைய உலையில் இது நடவாது. மின்சாரம் ஓடும் கம்பிச் சுருளுக்கு நடுவே இரும்புக் கரண்டியை விட்டு யார் கிளறுவது? விறகு அடுப்பு ஒன்று தனியாகக் கட்ட வேண்டும் என்றார். அதற்கு அவருடைய மனைவி விதித்த நிபந்தனைகள் இரண்டு: தென்னைக்கு அப்பால் கட்ட வேண்டும், துணி காயும் நேரத்தில் மூட்டக் கூடாது.