இருக்கையின் கீழுள்ள சுவிட்ச்



ஏறி அமர்ந்து ஓட்டும் பழைய புல்வெட்டும் வண்டிகளை அமெரிக்காவில் சிலர் வீட்டிலேயே மின்சாரத்திற்கு மாற்றுகிறார்கள், நல்ல முயற்சியே. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, மோட்டாரையும் 12 வோல்ட் பேட்டரிகள் நான்கையும் ஏற்றுகிறார்கள். சக்கரங்களும் கத்திகளும் பழையவையே. ஆனால் ஓட்டுகிறவர் எழுந்தவுடன் எஞ்சினை அணைத்துவந்த இருக்கைச் சுவிட்சின் கம்பி, இணைப்பதற்கு எஞ்சின் இல்லாமல் தொங்கிநிற்கிறது. அது இன்றியும் வண்டி ஓடும். நிற்கும்போது மோட்டாருக்கோ இரைச்சலில்லை. அருகில் வரும் குழந்தை ஆபத்தை அறியாது.

புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவரும் எழுப்பவேண்டும் என்று உபாகமம் 22:8 கட்டளையிடுகிறது. சுவரின்றியும் குடியிருக்கலாம், விழுந்தவனுடைய இரத்தப்பழியோ அவ்வீட்டைச் சேரும்.

அங்கே வாழும் உங்கள் பிள்ளைகள் இவ்வேலையில் இறங்கினால், அந்தக் கம்பியைப் புதிய கண்ட்ரோலரோடு இணைக்கச் சொல்லுங்கள். இருக்கையைவிட்டுச் சற்றே எழும்போது கத்தி நிற்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.