சேர்ந்து உட்கார்ந்தோம்

நுண்கடனுக்கு அடமானம் கிடையாது என்பார்கள். பெண்களின் மானம்தான் அடமானம். குழுவில் ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதனால் வசூல் வேலையை அக்கம்பக்கத்துப் பெண்களே சம்பளமில்லாமல் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் குழுவில் ஒரு அக்கா தவணைக் கூட்டத்துக்கு வந்தார், கையில் பணமில்லை. அன்றிரவு எட்டு மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் வசூல்காரர் உட்கார்ந்துவிட்டார். “பணம் வராமல் எழுந்திருக்க மாட்டேன்.” நாங்கள் ஒன்பது பேரும் போய் அங்கேயே உட்கார்ந்தோம். ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதியை ஒருத்தி வாசித்தாள்: காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவரை அழைக்கக் கூடாது, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான் வசூல், அங்கே அடுத்தடுத்து இருமுறை வராவிட்டால்தான் வீடு தேடி வரலாம். அவர் எழுந்து போனார்.

மறுநாள் தேதி, நேரம் குறித்து, பத்துப் பேரும் கையெழுத்திட்டு நிறுவனத்திடம் புகார் கொடுத்தோம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம்.

இலங்கையின் ஹிங்குராக்கொடவில் 2021 மார்ச் 8 அன்று நுண்கடனால் நொந்த பெண்கள் சத்தியாகிரகத்தில் அமர்ந்தார்கள். வீட்டுக்குள் ஒருத்தி தனியாக அழுத அவமானத்தை அவர்களும் ஊரறியப் பேசினார்கள்.

எங்கள் கடன் தள்ளுபடியாகவில்லை, தவணை ஓடுகிறது. ஆனால் ஒருத்தி மேல் இன்னொருத்தியை ஏவுவதற்கு எங்கள் குழு இனி உடன்படாது.