எஸ்.டி.டி. பூத் வந்ததும் போனதும்

எண்ணைச் சுழற்றி வெளியூருக்கு நேரடியாகப் பேசும் எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கியது. சாதாரண மக்களை அது எட்டுவதற்கு மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. அதுவரை வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என அவசரத்துக்குத் தக்கபடி கட்டணம் ஏறும். வீட்டுக்குத் தொலைபேசி கேட்டுப் பதிந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

1984இல் சாம் பிட்ரோடாவின் முனைப்பில் சி-டாட் நிறுவனம் உருவானது. குளிர்சாதன வசதி இல்லாத கிராமங்களிலும் வெப்பத்தையும் தூசியையும் தாங்கி இயங்கும் சிறிய தொலைபேசி இணைப்பகங்களை அது வடிவமைத்தது. வீட்டுக்கு வீடு இணைப்பு தரப் பணமில்லாத நாட்டில் தெருவுக்கு ஒரு தொலைபேசியாவது இருக்கட்டும் என்பதே அப்போதைய எண்ணம். தனியார் ஒருவரிடம் இணைப்பைக் கொடுத்து, மீட்டர் பொருத்தி, வசூலில் ஒரு பங்கைக் கமிஷனாகத் தரும் ஏற்பாடு அப்படித்தான் பரவியது. இந்தியத் தொலைத்தொடர்பு வரலாற்றில் எளியவர்களுக்கு இவ்வளவு நேரடியாகப் பயன்பட்ட திட்டங்கள் குறைவு.

மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எழுத்தில் ஏறிக்கொண்டே போகும் தொகை, பேசி முடித்ததும் அச்சாகி வரும் பில் ஆகியவை பூத்தின் அடையாளங்கள். இரவில் கட்டணம் குறையும் என்பதால் சாப்பாடு முடிந்த பிறகுதான் கூட்டம் சேரும். வளைகுடாவில் வேலை செய்யும் கணவரின் அழைப்புக்காகக் குறித்த நேரத்தில் வந்து அமர்ந்திருக்கும் பெண்கள், மாப்பிள்ளை வீட்டாரின் பதிலைக் கேட்டுச் சொல்ல வந்தவர்கள், சாவுச் செய்தி சொல்ல ஓடி வந்தவர்கள் என எல்லோருக்கும் அதுவே இடம். பூத்காரருக்குத் தெருவின் நல்லது கெட்டது தெரியும். கையில் காசில்லாதவருக்குக் கணக்கு எழுதிக்கொண்டு பேசவிடுவார். பூத் ஒதுக்கீட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை இருந்தது. வேறு வேலை எளிதில் கிடைக்காத ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே மதிப்போடு சம்பாதிக்க அது வழி செய்தது. அத்திட்டத்தின் ஆகச்சிறந்த பகுதி இதுதான்.

1995 ஜூலை 31 அன்று நாட்டின் முதல் செல்போன் அழைப்பு பேசப்பட்டது. உடனே பூத்துக்கு ஆபத்து வரவில்லை. வரும் அழைப்புக்கும் காசு என்ற நிலையில் செல்போன் வசதியானவர்களின் பொருளாகவே இருந்தது. 2003இல் வரும் அழைப்புகள் இலவசமாயின. 2006இல் நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற கட்டணம் வந்தது. அதன்பின் கூண்டுக்குள் போக யாருக்கும் தேவை இருக்கவில்லை. சில பூத்கள் ஜெராக்ஸ் கடைகளாகவும் ரீசார்ஜ் கடைகளாகவும் மாறின. பல மூடப்பட்டன.

தொலைபேசி ஒவ்வொருவர் கைக்கும் வந்தது பெரும் நன்மை. நள்ளிரவில் ஆம்புலன்ஸ் அழைக்க முடிகிற ஒரு வீட்டைக் கேட்டாலே அது தெரியும். ஆனால் அந்த நன்மைக்கான விலையில் பெரும்பங்கைப் பூத்காரர்களே கொடுத்தார்கள். இன்று இ-சேவை மையம் நடத்துபவர்கள் அதே இடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் செய்துதரும் வேலைகள் ஒவ்வொன்றாகக் கைபேசிச் செயலிகளுக்கு நகர்கின்றன. மையங்களுக்கு அனுமதி வழங்கும்போதே, அடுத்த தொழிலுக்கான பயிற்சிக்கும் கடனுக்கும் அரசு வழி செய்துவைக்க வேண்டும்.