யந்திரத்தைக் கும்பிடலாமா?

அறியாத பொருளைக் கண்டவிடத்துக் கைகூப்புவது நம்மவரின் நெடுநாளைய வழக்கம். ஆயுத பூஜையன்று டிராக்டருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சூட்டுகிறோம். அதன் உள்ளே இயங்குவது யாதென்று கேட்பாரில்லை. இவ்வழக்கம் தோட்டத்துக் கோயிலோடு நின்றுவிடவில்லை. தலைநகரத்தின் குளிரூட்டிய மண்டபங்களிலும் அது வேறு உடை அணிந்து உலவுகின்றது.

செம்பனைத் தொழிலுக்கான யந்திரக் கண்காட்சிகள் கோலாலம்பூரில் அடிக்கடி நடைபெறுகின்றன. அத்தகையதொன்றிற்கு, தோட்டச் செய்திகளை எழுதுவோன் என்ற முறையில், மெர்சிங்கிலிருந்து யான் சென்றிருந்தேன். எழுதுவோர்க்குரிய அட்டை கழுத்தில் தொங்கிவிட்டால் ஆங்கு ஒருவனது மதிப்பே உயர்ந்துவிடுகிறது. நாற்காலி வருகிறது, காப்பி வருகிறது, வழவழப்பான விளம்பர ஏடுகள் துணிப்பையில் வருகின்றன. நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்ற விண்ணப்பமும் உடன் வருகிறது. பையைப் பெற்றுக்கொண்டு பேனாவை விற்றுவிடுதல் எழுதுவோனுக்குத் தகுமா?

மருந்து தெளிக்கும் ஆளில்லா வானூர்தி, குலை சுமக்கும் மோட்டார் தள்ளுவண்டி எனப் பலவும் கண்டேன். கூட்டம் மிகுந்து நின்றது குலை வெட்டும் கருவியின் முன்னேயாம். நீண்ட கழியின் ஒரு முனையில் சிறு பெட்ரோல் யந்திரம்; மறுமுனையில் விரைந்து அசையும் அரிவாள். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆராய்ச்சியாளர் ஆக்கிய ‘சந்தாஸ்’ இவ்வகையில் பெயர்பெற்றது. வாலிபர் ஒருவர் அத்தகைய கருவியொன்றைச் சிறிதுநேரம் தூக்கிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினர்.

யான் கேட்டவை சில. எண்ணெய் நிறைத்தபின் எடை எவ்வளவு? காலைப் பெரட்டு முடிந்தது முதல் நடுப்பகல் வரை இதனைத் தாங்கும் கைகள் என்னாகும்? நீடித்த அதிர்வு விரல்களின் நரம்பையும் இரத்த ஓட்டத்தையும் கெடுக்கும் என்பது மருத்துவர் அறிந்த உண்மையன்றோ? பழுதானால் உதிரிப் பாகம் மெர்சிங்கில் கிடைக்குமா? பெட்ரோல் யார் கணக்கு? இரண்டு டன் வெட்டியவன் மூன்று டன் வெட்டினால், டன்னுக்குரிய கூலி குறையுமா?

முதல் கேள்விகளுக்கு விடை வந்தது. கடைசிக் கேள்விக்குப் புன்னகையே வந்தது. அது நிர்வாகத்தைக் கேட்க வேண்டியதாம்!

ஆனால் என் போன்ற கிராணிக்கு அதுவே முதற்கேள்வி. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. அஃது அடித்தளம் மட்டுமே. அதற்குமேல் டன்னுக்கு எவ்வளவு என்பதில்தான் குலை வெட்டுவோனின் அரிசியும் பிள்ளையின் புத்தகமும் அடங்கியுள்ளன.

யந்திரத்தை வெறுக்கச் சொல்கின்றேனல்லேன். எங்கள் அண்டை மாவட்டமாகிய குளுவாங்கில், மாமோர் தோட்டத்தில், 1981 பிப்ரவரியில் கேமரூன் நாட்டு வண்டினம் ஒன்று விடப்பட்டது. அதுவரை செம்பனைப் பூக்களுக்கு மகரந்தம் தூவ மரந்தோறும் ஆட்கள் செல்ல வேண்டியிருந்தது. வண்டுகள் பரவின; காய்பிடிப்பு மிகுந்தது; அந்த வேலை மறைந்தது. எந்தக் கடை மேடையிலும் ஏறாத இச்சிற்றுயிர் செய்த மாறுதல் பெரிது, நன்மையும் பெரிது. எனினும் வேலை மறையும்போது வேலையாளுக்கு யாது வழி என்பதை முன்னரே கேட்பதன்றோ அறிவுடைமை?

இன்று குலை வெட்டுவோருள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் மிகுதி. 2020இல் கொள்ளைநோயால் எல்லைகள் அடைபட்டபோது ஆட்பஞ்சம் வந்தது. முதலாளிமாரின் கண் யந்திரத்தின்மேல் முன்னினும் அழுத்தமாய்ப் பதிந்தது. நம்மவர் நகரேறிவிட்டனர், நமக்கென்ன என்று சிலர் கூறலாம். லயத்தில் பிறந்த பாட்டனின் பேரன் அவ்வாறு கூறுதல் பொருந்தாது. கப்பலேறி வந்த நம் முன்னோரும் பிறர் வகுத்த கூலிக்கே உழைத்தனர். மேலும், நகரத்து ஆலைக்கும் அலுவலகத்துக்கும் யந்திரம் வருமுன் இதே கேள்வி வரும்.

ஆதலின் நண்பர்களே, கண்காட்சிகளுக்குச் செல்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கருவியைத் தொட்டுப் பாருங்கள், தூக்கிப் பாருங்கள், பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் விலையைக் கேட்கும்போதே அதனால் வரும் இலாபம் யார் யாருக்கு எவ்வளவு என்பதையும் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கைதட்ட வேண்டாம்.